அத்தை கை நனைத்த வீடு

காலையில் செஞ்சிக் கோட்டை வாசல் வரைக்கும் என்னோடு நடக்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். போன மாதம் வேன் பிடித்து எல்லாருமாக அந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனோமே, அங்கே பெண்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் நான் செய்த காரியத்தைப் பற்றித்தான். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தாகிவிட்டது. நான் மட்டும் பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு, "ஒரு கரண்டி சர்க்கரை கொண்டாம்மா" என்றேன். இரண்டு வேளையும் சுகர் மாத்திரை விழுங்குகிறவள் நான். உங்களில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், "இன்னாம்மா, உசுரு மேல ஆச இல்லியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். வேன்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து போனார்.

திரும்பி வரும் வழியெல்லாம் என்னைக் கேலி செய்தீர்கள். செய்யுங்கள், நானும் உங்களைக் குறைவாகவா செய்திருக்கிறேன். வேனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அழுதுகொண்டே பெருமை பேசினால் கேட்கிறவர்களுக்குச் சங்கடம். எழுதினால் நிதானமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பெருமைப்படத்தான் போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பொறுக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம்.

நம்மை அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டிய தம்பி நல்ல பிள்ளை. அந்த இடத்தின் வரலாற்றை அழகாகச் சொன்னான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதில் என் அத்தை இல்லை, அவ்வளவுதான். எப்படி இருப்பாள், அவள் அங்கே இருந்தது ஒரே ஒரு பகல் பொழுது.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். செஞ்சியை ஒட்டிய சிங்கவரத்தில் எங்கள் வீடு. ஆனி மாதம். ஆடியில் மழையைப் பார்த்து விதைப்பதற்காக விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள், நமக்கு அது மல்லாட்டைதான். விதைக்கு உடைப்பது சாப்பிட உடைப்பது மாதிரி இல்லை. பருப்பின் மேல்தோல் கிழியக் கூடாது, கிழிந்தால் முளைக்காது. அதனால் பல்லால் கடிக்கக் கூடாது, கல்லில் தட்டக் கூடாது, முனையைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் திறக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் விரல் நுனி கன்றிவிடும். கண் இமையெல்லாம் செம்மண் தூசி படிந்திருக்கும். தோல் கிழிந்த பருப்பு பிள்ளைகளுக்கு என்பதால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிழியும்.

அப்படி உடைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் என் அக்காவுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தது. விவசாயப் பட்டப் படிப்பு. அதுவரைக்கும் அக்கா தினமும் பஸ் பிடித்துத் திண்டிவனம் போய்ப் புகுமுக வகுப்பு படித்தவள். காலையில் போனால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். இது அப்படி இல்லை. தெற்கே ரயிலில் நாலு மணி நேரத் தூரம். விடுதியில் தங்க வேண்டும்.

அத்தைதான் முதலில் பேசினாள். "மல்லாட்ட புடுங்கறதுக்கு காலேஜு இன்னாத்துக்குடி? எங்கிட்ட கேளு, நான் சொல்லித் தரேன்." எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. குனிந்து உடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் முறத்தில் மட்டும் ஒரு பருப்புகூடக் கிழிந்திருக்காது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, அக்கா. கல்யாணமான கொஞ்ச வருஷத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். எந்தக் கழனியில் எதை விதைப்பது, எந்த மாட்டை விற்பது, எவனைக் கூலிக்குக் கூப்பிடுவது எல்லாம் அவள் சொல்தான். நைனாவின் அதட்டல் எல்லாம் தெருவோடு சரி. வீட்டுக்குள்ளே அத்தை "டேய்" என்றால் எழுந்து நின்றுவிடுவார். அப்பேர்ப்பட்டவள், வீட்டில் ஒரு நல்ல காரியம் என்று வந்துவிட்டால் இருக்கும் இடம் தெரியாது. அக்கா பெரியவளானபோது நடந்த விருந்துக்கு மொத்தச் சமையலும் அத்தைதான். சீர்த்தட்டு உள்ளே வந்தபோது அவள் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். ஒதுங்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்ல வேண்டியதில்லை. ஒதுங்காமல் இருந்தால்தான் சொல்வார்கள்.

அவளுடைய மகன் செஞ்சி கடைத்தெருவில் பம்புசெட் பழுது பார்க்கிற கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். அத்தை மகனுக்கு அக்கா என்பது அக்கா பிறந்த அன்றைக்கே முடிவானது. அதை யாரும் பேசக்கூட மாட்டார்கள், அவ்வளவு நிச்சயம். தை பிறந்தால் கல்யாணம் என்று அத்தை மனசுக்குள் நாள் பார்த்து வைத்திருந்தாள். அக்கா படிக்கப் போனால் அந்தத் தையும் போச்சு, அதற்கு அடுத்த சில தைகளும் போச்சு. அதற்குள் அக்காவின் மனசு எங்கே இருக்குமோ. ஆகவே இந்தப் படிப்பில் யாருக்கு நஷ்டம் என்பது எனக்கே புரிந்தது. அத்தைதான் இதைக் கெடுப்பாள் என்று நான் நினைத்தேன், அக்காவும் நினைத்தாள், அம்மாவும் நினைத்தாள்.

நைனா ரெண்டு நாள் கழனிக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னார். "கட்டிக் குடுக்கற வூட்டையே பாக்காம பொண்ணு குடுக்க மாட்டோம். இது கட்டிக் குடுக்காமலே அனுப்பற வூடு. ரெண்டு மடங்கு பாக்கணும்."

"பாத்துட்டு வருவோம்" என்றாள் அத்தை. வேண்டாம் என்று அவள் சொல்லாததே எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது.

நம் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றுத் தண்ணீர் உப்பா நல்லதா, வைக்கோல் போர் எவ்வளவு உயரம், மாடு எலும்பும் தோலுமாக இருக்கிறதா, பூர்வீகம் என்ன, எல்லாம் பார்ப்பார்கள். பார்த்து மனசு ஒப்புகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சோறு மட்டுமில்லை, காப்பி, மோர், ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது. கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். நனைத்த பிறகு மாற்றிப் பேசினால் நம்மை மனுஷராக மதிக்க மாட்டார்கள்.

நைனா இந்தச் சட்டத்தை அப்படியே பல்கலைக்கழகத்துக்கும் போட்டுவிட்டார். வேறு எந்த ஊரில் இப்படி நடக்கும், சொல்லுங்கள். அத்தை முந்தின இரவே புளிச்சோறு கிளறிப் பெரிய பித்தளைத் தூக்கில் அழுத்தி வைத்தாள். திருகு மூடி போட்ட கூஜாவில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். "அங்க ஒருத்தரும் ஒரு சொட்டு தண்ணி வாயில வெக்கக் கூடாது" என்று சொல்லும்போது என்னை மட்டும் தனியாகப் பார்த்தாள்.

கிளம்புகிற அன்று அத்தையைக் காணோம். தூக்கும் கூஜாவும் வாசலில் இருந்தன, அவள் இல்லை. நாங்கள் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனபோது அங்கே புளியமரத்துக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். "அத்தைக்குத்தான் அவசரம் பாரு" என்று அக்கா காதில் சொன்னேன். நல்ல காரியத்துக்கு வாசல் படி இறங்கும்போது தன் முகம் எதிரே வந்துவிடக் கூடாது என்றுதான் விடிவதற்கு முன்பே தனியாக நடந்து போய் நின்றிருக்கிறாள். இது எனக்கு விளங்கியபோது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்திருந்தது.

திண்டிவனத்தில் ரயில் ஏறினோம். நைனா ஜன்னல் வழியாக மண்ணின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். செம்மண் முடிந்து கரிசலும் வண்டலும் வந்தபோது, "இங்க மல்லாட்ட வராது" என்று வருத்தப்பட்டார். இறங்கி, ஒரு குதிரை வண்டியில் ஐந்து பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து போனோம். வண்டி ஒரு பெரிய வாசலுக்குள் நுழைந்தது. நுழைந்து போய்க்கொண்டே இருந்தது. மரம், கட்டடம், குளம், மறுபடியும் மரம், மறுபடியும் கட்டடம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய கட்டடம் என்றால் என் கணக்கில் அது கோட்டை. நம் ஊரில் பெரிதாக இருப்பதெல்லாம் காலியாகத்தான் இருக்கும். கல்யாண மகாலில் கல்யாணம் நடக்காது, நெற்களஞ்சியத்தில் நெல் இருக்காது, உள்ளே போனால் வௌவால் நாற்றம்தான் வரும். இங்கே ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம் தெரிந்தது. தாவணி கட்டிய பெண்கள் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு எங்கள் வண்டியைத் தாண்டிப் போனார்கள்.

"நைனா, இது எந்த ராஜா கட்டனது?"

"கம்முனு வா" என்றார் நைனா. அவருக்கும் தெரியாது. நடுவில் மணிக்கூண்டு வைத்த ஒரு கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம ராஜகிரிக் கோட்டையில பாதி கூட இல்ல" என்றார். அதைச் சொன்ன பிறகு அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

விடுதியை நடத்திய வார்டன் அம்மா மெலிந்து உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கஞ்சி போட்ட நூல் சேலையில் இருந்தார். எங்களை உட்கார வைத்துக் காப்பி கொண்டுவரச் சொன்னார். "வேணாம்மா, இப்பதான் குடிச்சோம்" என்றார் நைனா. மோர் வந்தது. "எனக்கு சளி" என்றார். தண்ணீராவது குடியுங்கள் என்றார் வார்டன் அம்மா. "விரதம்" என்றாள் என் அம்மா. அவள் வாயால் நான் கேட்ட ஒரே பொய் அது. வார்டன் அம்மா புருவத்தை உயர்த்தினார். பிறகு, இன்று பொழுது சாய்வதற்குள் முடிவு சொல்லிவிட வேண்டும், அறைகள் குறைவு, இல்லையென்றால் காத்திருக்கிற அடுத்த பெண்ணுக்கு அந்த இடம் போய்விடும் என்று சொன்னார். அக்கா தன் துணிப்பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

நைனா வீடு பார்க்கத் தொடங்கினார். சுற்றுச்சுவர் ஏறிக் குதிக்கிற உயரமா என்று கையைத் தூக்கிப் பார்த்தார். கிணற்றில் ஒரு வாளி இறைத்து, வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார். துப்பிவிட்டதால் கணக்கில் வராது என்பதுபோல அத்தையைப் பார்த்தார். அத்தை தலையாட்டினாள். விடுதி ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு மாட்டுக் கொட்டகை எங்கே என்று கேட்டார். விவசாயக் கல்லூரி என்பதால் மாட்டுக் கொட்டகையும் இருந்தது. அங்கே மாடுகளைப் பார்த்துவிட்டு அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்குக் குறை இருந்தால் சொல்லியிருப்பாள்.

பக்கத்திலேயே பாத்தி பாத்தியாக மல்லாட்டை. ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு உயரத்தில் இருந்தது. வந்ததிலிருந்து வாயே திறக்காத அக்கா அங்கேதான் பேசினாள். "நைனா, ஒரே மண்ணுல பல தினுசு வெதைய போட்டு, எது தாங்குதுன்னு பாக்கறாங்க."

"தாங்கலன்னா?"

"ஏன் தாங்கலன்னு பாப்பாங்களாம்."

நைனா வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பட்டுப்போன ஒரு பாத்தியையே வெகுநேரம் பார்த்தார். "நம்ம நெலத்துல தாங்கலன்னா நாம பட்டினி. இங்க அதயும் பாடமாக்கி வெச்சிக்கிறாங்க" என்றார். அவர் மனசு முக்கால்வாசி ஒப்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. நாங்கள் இருவரும் அத்தையைப் பார்த்தோம். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது நைனா வார்டன் அம்மாவிடம், "பூர்வீகம் இன்னாம்மா?" என்று கேட்டார்.

"என்னோடதா?"

"இந்த எடத்தோடது."

வார்டன் அம்மா சிரித்துவிட்டார். ஆனால் நிதானமாகப் பதில் சொன்னார். அந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் முள்ளுக்காடாம். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், ஒன்றும் விளையாது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களே பிள்ளைகள் படிக்க ஒரு கல்லூரி வேண்டும் என்று கேட்டார்களாம். நிலம் இருந்தவர்கள் நிலம் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் வந்து மண் சுமந்தார்கள். அதற்கப்புறம்தான் அரசாங்கம் எடுத்து நடத்தி, வளர்ந்து, பல்கலைக்கழகமாயிற்று.

"ராஜா யாரும் இல்லியா?" என்று நான் கேட்டேன்.

"ராஜா யாரும் இல்ல பாப்பா. உங்கள மாதிரி ஆளுங்கதான்."

நைனா நின்று, மணிக்கூண்டை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். இந்த முறை ராஜகிரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இந்தப் பொண்ணுங்க ஹாஸ்டலுக்குத் தனிப் பூர்வீகம் இருக்கு, வாங்க" என்று வார்டன் அம்மா எங்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனார். நீளமான கூடம். தரையில் கோரைப்பாய் வரிசை. கோடிச் சுவரில் ஒரே ஒரு படம், பெரிய படம், மாலை போட்டிருந்தது. வெள்ளைச் சேலையில் ஒரு வயதான அம்மாள். கழுத்தில் ஒன்றும் இல்லை, காதில் ஒன்றும் இல்லை. தோட்டத்தம்மா என்று அவரை அங்கே எல்லாரும் சொல்வார்களாம். முதலில் பையன்களுக்குத்தான் விடுதி இருந்ததாம். இடம் கிடைத்த பெண்கள் தங்க வழியில்லாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடமே போகாத தோட்டத்தம்மா, தன் வீட்டையும் மாந்தோப்பையும் அந்தப் பெண்களுக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான். அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது.

அத்தை அதுவரைக்கும் எங்களுக்குப் பின்னால் நின்றவள், முன்னால் வந்தாள். "அந்தம்மாவுக்கு புள்ளைங்க?"

"இல்லைங்க. சின்ன வயசுலயே புருஷன் போயிட்டார்."

"படத்துக்கு யாரு பொட்டு வெக்கறது?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். படத்தின் கண்ணாடி மேல், அந்த அம்மாளின் நெற்றியில், சந்தனமும் அதன் மேல் குங்குமமும்.

"பொண்ணுங்கதான். தெனம் ஒருத்தி, முறை வெச்சு. புதுசா சேர்ற பொண்ணு மொத நாள் இந்தம்மா முன்னாடிதான் விளக்கேத்தும்" என்றார் வார்டன் அம்மா.

அதற்குள் மணி அடித்துவிட்டது. பெண்கள் கலகலவென்று வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். வாழை இலை விழுகிற சத்தம், சாம்பார் வாசனை. ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து புளிச்சோற்றுத் தூக்கைத் திறக்க நேரமில்லாமல் என் வயிறு கத்திக்கொண்டிருந்தது. "உக்காருங்க, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றார் வார்டன் அம்மா.

"வேணாம்மா" என்றார் நைனா. "எங்க சோறு எடுத்தாந்துக்கிறோம்."

வார்டன் அம்மாவின் முகம் மாறிவிட்டது. காப்பி வேண்டாம், மோர் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், இப்போது சோறும் வேண்டாம். இதற்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். குரலை உயர்த்தாமல் சொன்னார். "ஐயா, இங்க எல்லா சாதிப் பொண்ணுங்களும் ஒரே வரிசையில உக்காந்துதான் சாப்பிடுவாங்க. யார் சமைச்சாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. உங்களுக்கு அது ஒத்துக்கலைன்னா பொண்ண அனுப்பாதீங்க. அடுத்த பொண்ணுக்கு நான் சொல்லி அனுப்பிடறேன்."

நைனாவுக்குக் காது சிவந்துவிட்டது. விஷயத்தை விளக்கியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் இத்தனை நேரம் உங்களை மாப்பிள்ளை வீடு மாதிரி எடை போட்டுக்கொண்டிருந்தோம் என்று, அத்தனை படித்த பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் எப்படிச் சொல்வார். "எங்கள இன்னா ஆளுங்கன்னு நெனச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். அதுவும் தப்பான கேள்வியாகப் போய்விட்டது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வா, போலாம்."

அம்மா நகர்ந்தாள். அக்கா நகரவில்லை. அழவும் இல்லை. முறுக்கி முறுக்கிப் பையின் காது அறுந்து அவள் கையோடு வந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை நினைத்தது நடந்துவிட்டது, அவள் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே நடந்துவிட்டது என்று அவளை அந்த நிமிஷம் நான் வெறுத்தேன்.

அத்தை தூக்கையும் கூஜாவையும் சுவர் ஓரமாக வைத்தாள். நேராகப் போய், அந்தப் படத்துக்குக் கீழே, வரிசையின் முதல் ஆளாக உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு எல போடும்மா" என்றாள்.

"அக்கா" என்றார் நைனா.

"இன்னாடா?"

"கை நனைச்சா..."

"தெரியும். அத ஒனக்கு சொல்லிக் குடுத்ததே நான்தான்."

ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அத்தை எங்கள் கூஜாவைத் தொடவில்லை. அந்தச் செம்பை வாங்கி, எல்லாரும் பார்க்க, அவசரப்படாமல் வலது கையை நனைத்தாள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். சோறு விழுந்ததும் பிசைந்து முதல் வாய் சாப்பிட்டாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். "பொண்ண நிக்க வெச்சிக்கினு இன்னாடா பாக்கற? உக்காரு."

நைனா உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சாம்பாரில் முள்ளங்கி இருந்தது, அதுவரைக்கும் எனக்குப் பிடிக்காத முள்ளங்கி. அம்மா மெதுவாக வார்டன் அம்மாவிடம் கை நனைக்கிற விஷயத்தைச் சொல்லிவிட்டாள். வார்டன் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்க" என்று நைனாவிடம் சொல்லிவிட்டு, பரிமாறும் பெண்ணிடமிருந்து கரண்டியைத் தானே வாங்கிக்கொண்டார். எங்கள் புளிச்சோறு அந்த வரிசை முழுக்கப் போயிற்று.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை கேட்டாள். "பேசி முடிச்சா வாயி இனிக்கணும். வெல்லம் இருக்குதாம்மா?"

"சர்க்கரைதான் இருக்கு."

ஒரு கிண்ணத்தில் சர்க்கரையும் கரண்டியும் வந்தன. அத்தை அதை வாங்கி, உடனே என் அம்மாவின் கையில் கொடுத்தாள். "நீ போடு" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலப் பின்னால் நகர்ந்தாள். அவளுக்கு அது பழகிப்போன நடை. ஆனால் அங்கே பின்னால் போக இடம் இல்லை. முதுகு சுவரில் முட்டியது, அந்தப் படத்துக்கு நேர் கீழே.

அக்கா அம்மாவைத் தாண்டிப் போனாள். அத்தைக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தாள்.

"ஏய், அவகிட்ட வாங்குடி" என்றாள் அத்தை.

"நீதான் கை நனைச்ச. நீ போடு அத்த."

அத்தை நைனாவைப் பார்த்தாள். நைனா, அந்த ரோஷக்கார மனுஷன், அம்மாவின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி அத்தையிடம் நீட்டினார். "போடுக்கா" என்றார். அத்தை கரண்டியில் அள்ளி நீட்டினாள். சர்க்கரையில் பாதி அக்காவின் தாவணியில்தான் கொட்டியது. மீதி வாய்க்குப் போனது.

ரயிலில் வரும்போது அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல, "அந்தம்மா போட்டோவுக்கு பொட்டு வெச்சிருந்தாங்க, பாத்தியாடி?" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொன்னதில்லை. தன் மகனுக்காக இத்தனை வருஷம் எண்ணி வைத்திருந்ததை எதற்காக விட்டுக் கொடுத்தாள் என்று நாங்களும் கேட்டதில்லை. அந்தப் பித்தளைத் தூக்கை விடுதியிலேயே மறந்துவிட்டு வந்தோம், திரும்பக் கிடைக்கவே இல்லை. கூஜாவில் தண்ணீர் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை முருங்கை மரத்துக்கு ஊற்றினாள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஊர் பேசியது. "நான் கை நனைச்ச வூடு" என்று அத்தை ஒரே பேச்சில் எல்லார் வாயையும் அடைத்தாள். அத்தை மகன் பக்கத்து ஊர் அனந்தபுரத்தில் பெண் எடுத்தான், நன்றாக இருந்தான், அக்கா மேல் கடைசி வரைக்கும் அவனுக்கு வருத்தம் இல்லை. அக்கா அங்கேயே படித்து, அங்கேயே பாடம் சொல்லிக் கொடுத்து, அந்தப் பாத்திகளிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றாள். வானம் பார்த்த மண்ணில் தாங்குகிற மல்லாட்டையைத் தேடித்தான் அவள் வாழ்நாள் போயிற்று. இன்றைக்கு நம் பக்கத்துக் கழனிகளில் விதைக்கிறவர்களில் அவளிடம் படித்த பிள்ளைகளும் உண்டு. என் அக்கா என்று சொல்லிக்கொள்ள எனக்கு இந்த வயதிலும் நெஞ்சு நிமிர்கிறது.

அத்தை மகன் கல்யாணத்தில் தாலித் தட்டை அத்தைதான் முதலில் தொட வேண்டும் என்று அக்கா விடுதியிலிருந்து வந்து சண்டை போட்டாள். நடக்கவில்லை. பெரியவர்கள் ஒப்பவில்லை. அத்தையும் ஒப்பவில்லை. பெற்ற மகன் தாலி கட்டும்போதும் அவள் புழக்கடை அடுப்பில்தான் இருந்தாள். என் கல்யாணத்திலும் அப்படியே. சாகிற வரைக்கும் அப்படியே.

இப்போது அந்தக் கூடத்தில் கோரைப்பாய் இல்லை. ஸ்டீல் மேசை போட்டிருக்கிறார்கள். நீங்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தம்பி சொன்ன தோட்டத்தம்மா கதையைக் கேட்டீர்கள். நெற்றியில் பொட்டு ஈரம் காயாமல் இருந்ததை நான் பார்த்தேன். அதற்குக் கீழே இருந்த இடத்தில்தான் போய் உட்கார்ந்தேன். என் அத்தை தன் ஆயுசில் ஒரு நல்ல காரியத்துக்கு முன்னால் நின்ற இடம் பூமியில் அது ஒன்றுதான். அங்கே போய்விட்டு வாயை இனிக்கச் செய்யாமல் எப்படி எழுந்து வருவேன்?

மறுநாள் ரத்தம் பார்த்தேன். சுகர் ஏறித்தான் இருந்தது. ஏறட்டும்.